மைலோவுக்குச் சர்க்கரைதான் குறைவு என்று நினைத்திருந்தோம்

மைலோ வீட்டுக்கு வந்தபோது எடை 800 கிராம். மூன்று மாத யார்க்‌ஷயர் டெரியர் நாய்க்குட்டி. விற்றவர், "இது டீகப் சைஸ், பெருசா வளராது" என்று சொல்லி அதற்கென்றே கூட நானூறு வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார், நாங்களும் பெருமையாகக் கொடுத்தோம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வரிசை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சின்ன உருவமே நோயின் அடையாளம் என்று புரிய ஏழு வாரம் ஆனது.

முதல் தடவை நடந்தது ஒரு ஞாயிறு இரவு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் குடித்தவன் மாதிரி தள்ளாட ஆரம்பித்தது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்க, சுவர் மூலைக்குப் போய்த் தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அம்மா கண்ணு பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நான் ஈறில் தேனைத் தடவித் துண்டில் சுற்றிக்கொண்டு, இரவிலும் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கைத் தேடி ஓடினேன்.

அங்கே சர்க்கரை 2.9 காட்டியது. குறைவுதான். இந்த மாதிரி பொடி இனக் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பு கிடையாது, சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே மயக்கம் வரும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுங்கள் என்றார்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை, அதனால்தான் நாங்கள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

சத்து இல்லை என்று கேட்டதும் அம்மா சும்மா இருப்பாரா? தினமும் சந்தையில் கோழி ஈரல் வாங்கி, மஞ்சள்கூடப் போடாமல் வேக வைத்து, விரலால் மசித்து ஊட்டினார். மைலோவும் அதை மட்டும்தான் ஆசையாகத் தின்றது. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது இப்போது மூன்று தடவை வர ஆரம்பித்தது. இன்னொரு கிளினிக்கில் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். இந்த ஊர் நாய்களுக்கு அது சகஜம், ஆகவே நியாயமான சந்தேகம்தான். அதுவும் இல்லை. கடைசியில் "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். 180 வெள்ளி.

என் தம்பிதான் எழுதி வை என்றான். ஒரு பள்ளி நோட்டை எடுத்து என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எப்போது தள்ளாடியது, எத்தனை தடவை மூத்திரம் போனது என்று எழுத ஆரம்பித்தேன். வேலை இடத்திலிருந்து போன் போட்டு அம்மாவை நச்சரித்து நேரம் கேட்பேன். பதினொரு நாள் ஓடியது. கூடவே தலையைச் சுவரில் அழுத்தி நிற்பதையும் போனில் வீடியோ எடுத்தேன், அந்த நேரத்தில் படம் பிடிக்கிறோமே என்று மனசு உறுத்தினாலும்.

மூன்றாவதாகப் போனது கெப்போங் பக்கம், சின்னக் கிளினிக், ஒரு சீன லேடி டாக்டர். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார், நோட்டைப் புரட்டினார், "சாப்பிடுறதுக்கு முன்னாடியா, பிறகா?" என்று மட்டும் கேட்டார். எல்லாமே சாப்பிட்டு ஒன்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான். பசியில் சர்க்கரை இறங்கினால் வெறும் வயிற்றில் அல்லவா வர வேண்டும்? என் கையெழுத்திலேயே அது இருந்தது, எனக்குத் தெரியவில்லை.

ரத்தப் பரிசோதனையில் யூரியா குறைவு, அல்புமின் குறைவு, சிவப்பணுக்கள் சின்னதாக இருந்தன. மூத்திரத்தை நுண்ணோக்கியில் வைத்து, முள் முளைத்த உருண்டை மாதிரி படிகங்களை எனக்கும் காட்டினார். அப்புறம்தான் ஈரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பித்த அமில டெஸ்ட். வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போடுவார்களாம், ஆனால் இந்த உருவத்துக்கு அது ஆபத்து என்று நள்ளிரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார். காலை எட்டு மணிக்கு ஒரு ரத்தம், உடனே சாப்பாடு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அந்த இரண்டு மணி நேரமும் காரை மரத்தடியில் நிறுத்தி அதை மடியில் வைத்திருந்தேன். முன்பு 52, பிறகு 190. சாப்பிட்ட பிறகும் 25-க்குள் இருக்க வேண்டியது.

டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குப் போய்ச் சுத்தமாகித்தான் உடம்புக்குப் போக வேண்டும். மைலோவுக்குப் பிறவியிலேயே ஒரு கள்ள வழி இருக்கிறது, ரத்தம் ஈரலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. லிவர் ஷன்ட் என்றார். இறைச்சி செரிக்கும்போது உண்டாகும் அமோனியா நேராக மூளைக்கு ஏறுகிறது, அதனால்தான் அந்தத் தள்ளாட்டம். ரத்தம் சரியாகப் போய்ச் சேராததால் ஈரல் வளரவில்லை, உடம்பும் வளரவில்லை. சர்க்கரையைச் சேமித்து வைப்பதும் ஈரல் வேலைதான்.

அதாவது அம்மா தினமும் பாசத்தோடு ஊட்டிய அந்த ஈரல்தான் அதை அதிகம் ஆட்டி வைத்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. ஜாலான் ஈப்போ சிக்னலில் நிற்கும்போது, "நானே அதுக்கு வெஷம் வச்சிருக்கேனே பாப்பா" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானூறு வெள்ளி கூடக் கொடுத்தது நான்தானே.

அன்றைக்கே லாக்டுலோஸ் ஆரம்பித்தோம். மனிதர்களுக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அதே இனிப்பு சிரப்தான், அமோனியாவைக் குடலோடு வெளியேற்றுகிறது. கொடுத்து முடித்தால் குட்டி, சோபா, என் சட்டை எல்லாம் பிசுபிசு. கூடவே குடல் கிருமியைக் குறைக்க மெட்ரோனிடசோல், அந்தக் கசப்புக்கு அது என்னை ஒரு வாரம் நம்பவே இல்லை. ஈரலுக்கென்று இருக்கும் தனி உணவும் கொஞ்சம் தௌஃபூ என்ற சோயாக் கட்டியும் முட்டையும். நான்கே நாளில் தள்ளாட்டம் நின்றது.

பிறகு அறுவை சிகிச்சை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை ஒரு வழி, தனியார் இடம் இன்னொரு வழி. தேதி முன்னால் கிடைத்ததால் தனியார் பக்கம் போனோம், என் சேமிப்பு துடைத்துவிட்டது போல ஆனது. சிடி ஸ்கேனில் அந்தக் கள்ள வழி ஈரலுக்கு வெளியே இருப்பது தெரிந்தது, சின்ன இன நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். அதைச் சுற்றி அமெராய்டு என்ற வளையத்தை மாட்டினார்கள். உள்ளே இருப்பது பாலில் உள்ள கேசீன், ஈரத்தில் மெதுவாக ஊதிச் சில வாரங்களில் குழாயை அடைக்கிறது. ஒரேயடியாகக் கட்டிவிட்டால் அந்த ரத்த அழுத்தத்தை ஈரல் தாங்காது. ஐந்து இரவு அங்கேயே வைத்திருந்தார்கள், முதல் சில நாள் வலிப்பு வரலாம் என்று எச்சரித்திருந்ததால் ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போட்டது. வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே கெப்போங் கிளினிக்கில் மறுபடியும் டெஸ்ட் எடுத்தோம். சாப்பிட்ட பிறகு 21. எடை இரண்டு கிலோ தாண்டிவிட்டது, பழைய கழுத்துப் பட்டை ஏறவில்லை. அம்மா டாக்டரிடம் மெதுவாக, இனிமேலாவது ஒரு துண்டு ஈரல் கொடுக்கலாமா என்று மலாயில் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "தக் போலே, ஆண்ட்டி", கூடாது என்றார்.