ஒப்பாரியில் இருந்த வம்சாவளி

மலைக்கு மனு எழுதப் போன புதிதில் எனக்குப் பழக்கமானது படிவம்தான். மனிதர்கள் அப்புறம்தான். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருந்து பாடுபடும் பழங்குடிகளுக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை உண்டு என்கிறது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் அந்த மனுக்களை நிரப்பி, கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் சேர்க்க உதவுவது என் வேலை. இங்கே இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்றவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் தங்கினார்கள் என்று தங்கள் கதையைச் சொல்லும் தமிழ்க் குடிகள்.

படிவத்தில் ஆதாரம் என்று ஓர் இடம் உண்டு. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பழைய ரசீது ஏதாவது இருந்தால் சரி. இல்லாத வீட்டுக்கு ‘ஆவணம் இல்லை’ என்று எழுதிவிடுவேன். நேர்மையாக எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன். அப்படி எழுதிய மனு ஒன்று போதிய ஆதாரமில்லை என்று திரும்பி வந்தது. மனுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கூரை ஓட்டின் இடுக்கில் செருகிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். பதின்மூன்றாவது விதியில் எல்லாம் இருக்கிறது. கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம், வம்சாவளி, முதியவர் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலம், அத்தனையும் ஆதாரம். அந்த முதியவர் மனுக்காரராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஊரில் கேட்டபோது எல்லாரும் ஓர் ஆயாவைக் கைகாட்டினார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். திண்ணையில் உட்கார வைத்து, “அந்த வீட்டு வம்சத்தை வரிசையா சொல்லுங்க ஆயா” என்றேன். இரண்டு தலைமுறையிலேயே தடுமாறினார். “சும்மா சொன்னா வராது கண்ணு, எந்திரி” என்று இடுகாட்டுக்குக் கூட்டிப் போனார்.

காப்பித் தோட்ட வேலிக்கு அப்பால், சில்வர் ஓக் நிழலில், தலைமாட்டில் நட்ட கற்கள். முதல் கல்லில் உள்ளங்கையை வைத்து ராகம் எடுத்தார். பேர் வந்துவிட்டது. அடுத்த கல்லில் அவனுடைய தகப்பன். எந்தச் சரிவை வெட்டித் திருத்தினான், எந்த ஓடை ஓரம் பலா வைத்தான் என்று வந்துகொண்டே இருந்தது. செத்தவரின் பெருமையைச் சொல்லி அழுவதுதான் ஒப்பாரி. அந்தப் பெருமைக்குள்ளேயே நிலத்தின் நான்கு எல்லையும் இருந்தது. ஐந்து தலைமுறை எழுதினேன். கடைசிக் கல்லுக்கு வரும்போது கை வலித்தது, அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

ஒப்பாரியைக் கலை என்று மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அதையே ஒரு கிழவி அலுவலகத்தில் சொன்னால் வாய்ப்பேச்சு என்று தள்ளுகிறோம். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து பெண்களுக்கு இழைத்த கொடுமைக்கு, குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 2011ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்த மலையாளிப் பெண்கள் பத்தொன்பது ஆண்டு சளைக்காமல் சொன்னதும் வாய்ப்பேச்சுதான்.

திண்ணைக்குத் திரும்பி, எழுதியதை வாசித்துக் காட்டினேன். தகப்பன், மகன், பேரன் என்று நேராக இறங்கி வந்தது. கேட்டு முடித்தவர் கட்டைவிரலை நீட்டவில்லை.

“மூணாவது கல்லு எங்க?”

மூன்றாவது கல் ஒரு பெண்ணுடையது. கல்யாணம் ஆகாமல் போனவள். வம்சாவளிக்குத் தேவையில்லை என்று நானே விட்டிருந்தேன்.

“அவளுந்தான அந்தக் காட்டுல களை எடுத்தா. எழுது கண்ணு.”

இரண்டு வரிக்கு நடுவில் இடம் பண்ணி, அவள் பேரை நுணுக்கி எழுதினேன். அதற்கப்புறம்தான் மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.