மக்காச்சோள எத்தனால்: டேங்கிலிருந்து வயல் வரை

பெட்ரோல் பங்கில் இப்போது ஊற்றுவது பெரும்பாலும் இ20. நூறு லிட்டரில் இருபது லிட்டர் எத்தனால். அது கரும்பிலிருந்து வருகிறது என்றுதான் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனால் ஆலைகளுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்தியது. அந்த டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. காலியான இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. 2023-24 எத்தனால் ஆண்டிலிருந்து, தனியொரு மூலப்பொருளாக அதிக எத்தனால் கொடுப்பது அதுதான். ஆகவே இ20 நல்லதா கெட்டதா என்ற கேள்வியில் பாதி மக்காச்சோளத்தைப் பற்றியது.

முதலில் வண்டி. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும், எத்தனாலில் சுமார் 21தான். இருபது சதவீதம் கலக்கும்போது கலவையின் ஆற்றல் 7 சதவீதத்துக்கு நெருக்கமாகக் குறைகிறது. வண்டியில் தெரியும் இழப்பு அதன் வயதைப் பொறுத்தது. இ10-க்கு அளவமைத்த பழைய கார்களில் 6 முதல் 7, இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4, இ20-க்கு அளவமைத்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணித்தது. இந்த இழப்பை ஈடுகட்ட இ20-இன் சில்லறை விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பாதி மட்டும் நடக்கவில்லை. வண்டிக்காரர்களின் கோபத்தில் மிக நியாயமான பகுதி இதுவே.

நன்மையும் உண்மையானது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி வரும். சாதாரண பெட்ரோல் 91, இ20 95. அழுத்த விகிதம் அதிகமுள்ள புதிய எஞ்சின்கள் 'நாக்கிங்' (எரிபொருள் நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டுவது) இல்லாமல் ஓட இது உதவும். இருசக்கர வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய பாதியாகிறது. அசிட்டால்டிஹைடு சற்றுக் கூடுகிறது, நைட்ரஜன் ஆக்சைடில் பெரிய மாற்றம் இல்லை.

கார்புரேட்டர் வண்டிக்குத்தான் சிரமம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி எரிபொருளைத் தானே கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் பழைய அளவையே ஊற்றும், கலவை 'லீன்' ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இருக்காது. காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது, ஐட்லிங்கில் நின்றுபோவது, ஸ்பார்க் பிளக் முனை வெளுத்திருப்பது மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்டார்ட்டிங்கையும் ஐட்லிங்கையும் கவனிக்கும் பைலட் ஜெட்டை ஒரு அளவு கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். பழைய நைட்ரைல் ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு விரிசல் விடும். மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் எஃப்கேஎம் ரப்பர் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். முதல் சில டேங்குகளில் எத்தனால் பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்பிவிடும் என்பதால் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது.

மாதக் கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் டேங்கைப் பாதியில் விடாதீர்கள். மேலேயுள்ள ஈரக்காற்றிலிருந்து தண்ணீர் இறங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் படியும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அந்த அடியிலிருந்துதான் எடுக்கிறது. டேங்கை நிரப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்த வேண்டும்.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மூடியுள்ள 100 மில்லி அளவுக் குவளையில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல். நன்றாகக் குலுக்கி, மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும். அடி அடுக்கு 28 மில்லியை ஒட்டி நின்றால் அது இ20, 19-ஐ ஒட்டினால் இ10. திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

இனி ஆலை. நம் ஊர் மக்காச்சோளத்தில் மாவுச்சத்து சுமார் 60 சதவீதம் என்று வையுங்கள். ஒரு டன்னில் 600 கிலோ. அது தண்ணீரை ஏற்று 666 கிலோ குளுக்கோஸ் ஆகிறது. ஈஸ்ட் அதில் 51 சதவீதத்தைத்தான் எத்தனாலாக மாற்ற முடியும், மீதி கரியமில வாயு. கணக்குப்படி 431 லிட்டர். நடைமுறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டன்னுக்கு 380 லிட்டர் என்று இந்திய ஆலைகள் போடும் கணக்கு இப்படித்தான் வருகிறது.

தானியத்தை ஹேமர் மில்லில் மாவாக்கித் தண்ணீரில் கரைத்து, ஆல்ஃபா அமைலேஸ் நொதி சேர்த்து 85 முதல் 90 டிகிரியில் கூழாக்குவார்கள். பிறகு 32 டிகிரிக்கு இறக்கி, குளுக்கோஅமைலேஸும் ஈஸ்ட்டும் ஈஸ்ட்டுக்கு நைட்ரஜனாகக் கொஞ்சம் யூரியாவும் சேர்த்து 50 முதல் 60 மணி நேரம் நொதிக்க விடுவார்கள். நம் வெயிலுக்கு இந்த 32 டிகிரிதான் இடிக்கிறது. மே மாதத்தில் கூலிங் டவர் தண்ணீரே அதற்கு அருகில் இருக்கும். தொட்டி 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, லாக்டிக் அமில பாக்டீரியா மேலெழும். சர்க்கரை எத்தனாலாகாமல் அமிலமாகும். அந்தத் தொட்டி நட்டம்தான். நொதித்ததைக் காய்ச்சி வடித்தாலும் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்துக்கு மேல் ஏறாது. மீதித் தண்ணீரை 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள மாலிக்யூலர் சீவ் மணிகள்தான் பிடித்து வைக்கும். பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதம் வேண்டும்.

பணம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2024-25-இல் எண்ணெய் நிறுவனங்கள் மக்காச்சோள எத்தனாலுக்குக் கொடுத்த விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். மக்காச்சோளம் கிலோ 24 ரூபாய் என்றால் ஒரு லிட்டருக்குத் தானியம் மட்டும் 63 ரூபாய். நொதி, நீராவி, மின்சாரம், கூலி, வட்டி எல்லாம் மீதி 9 ரூபாய்க்குள் அடங்காது. ஆலை பிழைப்பது டன்னுக்குச் சுமார் 300 கிலோ கிடைக்கும் டிடிஜிஎஸ் என்ற உலர்ந்த சக்கையை விற்றுத்தான்.

அந்தச் சக்கை நாமக்கல்லுக்குத்தான் நேரடிச் செய்தி. முட்டைக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஆலையும் பண்ணையும் ஒரே மூட்டைக்குப் போட்டியிட்டபோது விலை ஏறியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கியது. பதிலுக்குக் கிடைக்கும் டிடிஜிஎஸ்ஸில் புரதம் 27 சதவீதத்தை ஒட்டி உண்டு, விலையும் சோயா புண்ணாக்கைவிடக் குறைவு. ஆனால் மாவுச்சத்து போய் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால், தானியத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு சக்கையில் மூன்று மடங்காகச் செறிகிறது. ஈரத்தோடு மூட்டை கட்டிய மக்காச்சோளம் வந்த ஆலையின் சக்கை கோழியின் ஈரலைத் தாக்கும். நிறத்தையும் பாருங்கள். பொன்மஞ்சளாக இருந்தால் நல்லது, கரும்பழுப்பாக இருந்தால் உலர்த்தியில் கருகி, கோழிக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் கெட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு லோடுக்கும் நச்சுப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் வாங்கக்கூடாது. சேர்ப்பதையும் 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைப்பதே என் பரிந்துரை.

கடைசியில் வயல். நன்மை தீமை இங்கேதான் முடிவாகிறது. அமெரிக்காவில் ஹெக்டேருக்குச் சுமார் 11 டன் விளைகிறது, இந்தியச் சராசரி 3.5 டன் அளவில் நிற்கிறது. டன்னுக்கு 380 லிட்டர் வீதம் நம் ஹெக்டேர் 1,330 லிட்டர் தரும். ஆற்றலில் அது சுமார் 870 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நூறு கோடி லிட்டர் எத்தனாலுக்கு 26 லட்சம் டன் தானியமும் ஏழரை லட்சம் ஹெக்டேரும் வேண்டும்.

உரக் கணக்கும் உண்டு. இறவை வீரிய ரகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். அதில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்ற வழக்கமான கணக்கில், வெப்ப விளைவு ஒரு டன் கரியமில வாயுவுக்கு மேல். 7 டன் விளைந்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 400 கிராம். பாதி விளைந்தால் அதே உரத்துக்கு 800 கிராம். அதற்குமேல் ஆலையின் பாய்லரில் நிலக்கரி எரிகிறதா, உமி எரிகிறதா என்பது சேரும். அமெரிக்காவிலேயே இதில் ஒருமித்த முடிவு இல்லை. மக்காச்சோள எத்தனாலின் கரியமில வாயு உமிழ்வு பெட்ரோலைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு என்று ஆர்கான் தேசிய ஆய்வகக் கணக்கு சொல்கிறது. புல்வெளிகள் உழப்பட்டதையும் சேர்த்தால் அது குறைந்தது 24 சதவீதம் அதிகமாக இருக்கக்கூடும் என்று 2022-இல் ஒரு ஆய்வு சொன்னது. அவர்கள் விளைச்சலுக்கே இந்த இழுபறி என்றால், 3.5 டன்னை வைத்துக்கொண்டு நாம் பசுமை எரிபொருள் என்று பெயர் சூட்டுவது அவசரம் என்றே நினைக்கிறேன்.

விவசாயிக்கு லாபம் என்பதும் தானாக வந்துவிடாது. 2025 இறுதியில் கர்நாடகத்தில் மக்காச்சோள விலை, குவிண்டாலுக்கு ஆதார விலையான 2,400 ரூபாய்க்கு வெகு கீழே இறங்கி, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். ஆலைகளுக்குக் கொள்முதல் விலை உறுதி இருக்கிறது, வயலுக்கு இல்லை.

இருபதைத் தாண்டிக் கலப்பைக் கூட்டுவதற்கு முன், மக்காச்சோளம் விளையும் பெரம்பலூரிலும் சேலத்திலும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அறுவடையில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும் மணிகளை 14-க்குக் கீழே இறக்கும் உலர்த்திகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வேண்டும். படைப்புழுவுக்கு முதல் 20 நாட்களிலேயே குருத்தைச் சோதித்து மருந்தடிக்கும் வழக்கம் பரவ வேண்டும். ஆதார விலைக்குக் குறைத்து வாங்கும் ஆலைக்கு எத்தனால் ஒதுக்கீடு கிடையாது என்ற ஒரு வரி டெண்டரில் வர வேண்டும்.