டிரைவர் தேடாமல் பிரிண்டரும் ஸ்கேனரும்: டெபியன் 12 லினக்ஸில் செய்து பார்த்தது

சோதனைக்கு எடுத்தது பிரிண்ட், ஸ்கேன் இரண்டும் உள்ள சாதாரண இங்க்ஜெட். முதலில் யூஎஸ்பி கேபிள், பிறகு வைஃபை. தயாரிப்பாளரின் டிரைவர் எதையும் இறக்கவில்லை. அது தேவையா என்பதே கேள்வி.

தேவையா என்று, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையே சொல்லிவிடும். '-வி' சேர்த்து ஓட்டினால் வரும் நீண்ட பட்டியலில் இன்டர்ஃபேஸ் வகுப்பு 7, துணை வகுப்பு 1 என்ற இடத்தைத் தேடி, அதன் கீழே உள்ள புரோட்டோகால் எண்ணைப் பார்க்க வேண்டும். 1 அல்லது 2 மட்டும் இருந்தால் பழைய ரகம். 4 இருந்தால், பிரிண்டர் யூஎஸ்பி வழியாகவே ஐபிபி (தனி டிரைவர் இல்லாமல் அச்சிட உதவும் பொது நெறிமுறை) பேசும். இங்கே 4 இருந்தது.

அடுத்து ஐபிபி-யூஎஸ்பி என்ற பேக்கேஜ். கேபிளில் உள்ள பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டர் போல மாற்றிக் காட்டுவது இதன் வேலை. நிறுவிய பின் கேபிளைக் கழற்றி மாட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 60000 போர்ட்டைத் திறந்ததும் பிரிண்டரின் சொந்தப் பக்கம், மை அளவோடு, வந்தது.

ஆனால் பிரிண்ட் வரவில்லை. 'பிரிண்டர் கிடைக்கும் வரை காத்திருக்கிறது' என்று வேலை வரிசையிலேயே நின்றது. காரணம், ஐபிபி-யூஎஸ்பி வருவதற்கு முன் கப்ஸில் (லினக்ஸின் அச்சு மென்பொருள்) யூஎஸ்பி முகவரி கொடுத்து உருவாக்கியிருந்த பழைய க்யூ (அச்சு வரிசை). ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். ஐபிபி-யூஎஸ்பி பிடித்துக்கொண்டதால் பழைய க்யூவுக்கு வழி இல்லை. இந்த இடத்தில் பலர் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். கேபிள் பாவம். பழைய க்யூவை எல்பிஅட்மின் கட்டளையின் '-எக்ஸ்' கொண்டு நீக்கி, 'டிரைவர்லெஸ்' கட்டளை காட்டும் முகவரியை அப்படியே '-வி'-க்குக் கொடுத்து, '-எம்'-க்கு 'எவ்ரிவேர்' என்று எழுதி, பெரிய எழுத்து '-இ' சேர்த்துப் புதிய க்யூ போட்டதும் சோதனைப் பக்கம் வெளியே வந்தது. 'டிரைவர்லெஸ்' எதையும் காட்டாவிட்டால், நெட்வொர்க்கில் சாதனங்களைக் கண்டறியும் அவாஹி சேவை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

சில ஆவணங்களுக்கு மட்டும் பிரிண்டர் விளக்கு மினுக்கி நின்றது. தாள் தீரவில்லை. ஆவணம் லெட்டர் அளவில் இருந்தது, தட்டில் ஏ4. எல்பிஆப்ஷன்ஸ் மூலம் இயல்பு மீடியாவை ஏ4 என்று வைத்து, அந்தப் பிடிஎஃப்களை 'பக்கத்துக்குப் பொருத்து' தேர்வோடு அனுப்பினால் சரியாகிறது.

ஸ்கேனருக்கு சேன்-ஏர்ஸ்கேன் பேக்கேஜ் போதும். 'ஸ்கேன்இமேஜ்' கட்டளையைப் பெரிய 'எல்' சேர்த்து ஓட்டியபோது ஒரே ஸ்கேனர் இரண்டு முறை வந்தது: ஒன்று ஏர்ஸ்கேன் என்று தொடங்கியது, மற்றது எஸ்கல் என்று. சேனுக்குள்ளேயே (லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருள்) எஸ்கல் பேக்எண்டும் (ஸ்கேனரோடு பேசும் டிரைவர் பகுதி) இருப்பதுதான் காரணம். சேனின் டிஎல்எல் கான்ஃப் கோப்பில் எஸ்கல் வரிக்கு முன் ஒரு # குறி போட்டால் ஒன்றே மிஞ்சும். ஏர்ஸ்கேன் பக்கத்தை வைத்துக்கொள்வதே நல்லது. நெட்வொர்க் ஸ்கேனர்கள் பேசும் எஸ்கல், டபிள்யூஎஸ்டி நெறிமுறைகள் இரண்டும் அதற்குத் தெரியும்.

தெளிவுத்திறனில் பேராசை வேண்டாம். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 x 3508 பிக்சல். வண்ணத்தில் சுருக்காமல் சுமார் 26 எம்பி. 600-க்குப் போனால் அது நான்கு மடங்கு. எழுத்துப் பக்கங்களுக்கு 300 கிரே தாராளம்.

வைஃபைக்கு மாறியதும் கணினி பிரிண்டரைக் காணவே இல்லை. பிரிண்டரைக் கண்டறிவது யூடிபி 5353 போர்ட் வழியாக நடக்கிறது. ஃபயர்வால் அதை மூடியிருந்தது. திறந்ததும் சரியானது. கெஸ்ட் வைஃபையிலோ வேறு சப்நெட்டிலோ பிரிண்டர் இருந்தால் இதுவும் உதவாது. அப்போது ரவுட்டரில் நிலையான ஐபி கொடுத்து, அந்த முகவரியோடு '/ஐபிபி/பிரிண்ட்' சேர்த்து எல்பிஅட்மினின் '-வி'-க்கு நேரடியாக எழுத வேண்டும்; இடையில் 631 போர்ட்டுக்கும் வழி விட வேண்டும்.

நெட்வொர்க் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்டு சேவையை நிறுத்தி வைத்தாயிற்று. யூடிபி 631-இல் யார் அனுப்பினாலும் கேட்கும் அதன் பழக்கம் 2024 செப்டம்பரில் பாதுகாப்புக் குறையாக வெளிவந்தது. நெட்வொர்க்கில் உள்ள ஐபிபி பிரிண்டர்களுக்குத் தற்காலிக க்யூவைக் கப்ஸ் தானே உருவாக்கிக்கொள்கிறது, எனவே நிறுத்தியதில் இங்கே இழப்பு எதுவும் தெரியவில்லை.

புரோட்டோகால் 4 இல்லாத பழைய லேசர்களுக்கு இந்த வழி பலிக்காது. கூட்டன்பிரிண்ட், பிஆர்லேசர், ஸ்பிலிக்ஸ் ஆகிய டிரைவர் தொகுப்புகளில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ரகங்களுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் க்யூ நலமாகத் தெரியும், தாள் மட்டும் நகராது. பழைய யூஎஸ்பி ஸ்கேனர் 'சேன்-ஃபைண்ட்-ஸ்கேனர்' கட்டளையில் தெரிந்து ஸ்கேன்இமேஜில் தெரியாவிட்டால், அதே ஸ்கேன்இமேஜைச் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஒரு முறை ஓட்டுங்கள். அப்போது தெரிந்தால் அனுமதிச் சிக்கல், சாதனத்துக்கு அனுமதி தரும் யூடெவ் விதி வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால் பேக்எண்ட் இல்லை, அல்லது அது கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு இடத்தில் இல்லை.