லாசன் சிகரத்தின் பட்டைக் கற்கள்

வடக்கு கலிபோர்னியாவின் லாசன் எரிமலைப் பூங்காவில் கொதிக்கும் சேற்றுக் குளங்களுக்குத்தான் கூட்டம். என்னைக் கேட்டால், முதலில் போகவேண்டியது சிகரத்துக்கு வடகிழக்கே இருக்கும் 'டெவாஸ்டேட்டட் ஏரியா' (பாழான பகுதி). 1915 மே மாதம் எரிமலை வெடித்ததில் பனியும் பாறையும் சேறுமாகச் சரிந்து, காட்டை வழித்துக்கொண்டு போன இடம். இப்போது மரங்கள் மறுபடி வளர்ந்துவிட்டன. நடுவே ஒரு சின்ன நடைபாதை. அரை மணியில் சுற்றிவிடலாம். எனக்குக் காலை முழுக்க ஆனது, அவ்வளவு கற்கள்!

பாதையோரக் கரும்பாறைகள் மே 19 இரவுச் சரிவில் வந்த டேசைட் என்ற எரிமலைப் பாறை. கிட்டப்போய்ப் பார்த்தால் உள்ளே உருண்டையாக வேறு நிறத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளில்தான் முழுக் கதையும் இருக்கிறது. மலைக்கு அடியில் பாதி ஆறி, படிகம் கட்டி, கெட்டியாகக் கிடந்தது டேசைட் பாறைக்குழம்பு. ஆழத்திலிருந்து அதைவிட மிகச் சூடான, பசால்டிக் ஆண்டிசைட் என்ற வேறொரு பாறைக்குழம்பு அதற்குள் புகுந்தது. புகுந்தது சட்டென்று ஆறித் துளித்துளியாக உறைய (அந்தத் துளிகள்தான் திட்டுகள்), கிடந்தது சூடேறி இளகியது. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் பழைய படிகங்கள் அரித்துப்போய்ச் சல்லடையாகத் தெரியும். குவார்ட்ஸ் மணிகளைச் சுற்றிப் பைராக்சின் என்ற இன்னொரு கனிமம் விளிம்பு கட்டியிருக்கும். எல்லாம் அந்தப் புதுச் சூடு செய்த வேலை.

மே 22 பிற்பகல் வந்தது பெரிய வெடிப்பு. சாம்பல் நெவாடாவின் வின்னமுக்கா ஊர் வரை விழுந்தது. அன்றைய நுரைக்கல்லைப் பார்த்துவிட்டு என்னால் நகரவே முடியவில்லை. ஒரே கல்லில் வெளிர் பட்டை, அடர்ந்த பட்டை, மறுபடி வெளிர் பட்டை. வெளிர் நிறம் டேசைட். அடர்ந்தது ஆண்டிசைட் என்ற பாறை, அதுவுமே அந்த இரண்டு குழம்புகளின் கலப்பில் பிறந்ததுதான். வெளிர் குழம்பும் அடர்ந்த குழம்பும் ஒன்றுக்குள் ஒன்று சுழன்றுகொண்டிருந்தபோதே மலை வெளியே தள்ளிவிட்டது. கலந்து முடிந்திருந்தால் ஒரே சாம்பல் நிறக் கல்தான் கிடைத்திருக்கும். அடியில் நடந்த சந்திப்பை இப்படி வெறுங்கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அப்புறம், மான்சனிட்டா ஏரிக்கரையில் லூமிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பி. எஃப். லூமிஸ் அந்த வெடிப்புகளை எடுத்த படங்களைத் தவறவிடாதீர்கள். பூங்காவில் கல் எடுக்க அனுமதி இல்லை, ஆகவே கையில் ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். பனிக்காலத்தில் மலைச்சாலையை மூடிவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போவது நல்லது.