அம்மாவின் கதைக்குள் வந்த வானொலி

அம்மா சொல்லும் ஊர்க்கதைகளைப் பதிவு செய்யத் தொடங்கி மூன்று வாரம். ஹெட்போனில் அவர் குரலுக்குப் பின்னால் யாரோ மெல்லச் செய்தி வாசித்தார்கள்! எங்கள் மொட்டைமாடியிலிருந்தே மத்திய அலை (ஏஎம்) வானொலிக் கோபுரம் தெரியும்.

லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினேன், குரல் போகவில்லை. மைக் கேபிளைப் பிடுங்கினேன், போய்விட்டது. சரி, கேபிள்தான்.

என்னிடம் இருந்தது 5 மீட்டர் கிட்டார் கேபிள், உள்ளே ஒரே ஒரு சிக்னல் கம்பி. அவ்வளவு நீளக் கம்பி ஆன்டெனாவாகி அலையை உள்ளே இழுக்கிறது. மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் அதைக் குரலாக்கிவிடுகிறது. எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று முனை மைக் கேபிளில் இரண்டு சிக்னல் கம்பிகளும் ஒரே இரைச்சலைப் பிடிக்கும், ப்ரீஆம்ப் அவற்றின் வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். 2 மீட்டரில் ஒன்று வாங்கினேன். அப்புறம் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) பக்கம் ஒரு ஃபெரைட் கிளிப், அதாவது கேபிளில் ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம். சும்மா மாட்டினால் மத்திய அலைக்கு அது போதாது. கேபிளை அதற்குள் 3 சுற்று சுற்றுங்கள், தடுப்பு ஏறக்குறைய 9 மடங்காகும்.

எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. நேற்றைய பதிவில் அம்மா வெற்றிலையைக் கிள்ளும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது.