மூன்று ஞாயிறு வராதவர்

தன்னார்வலர் யாரும் சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. இந்த வாரம் "ஆபீஸ்ல வேலை சார்", அடுத்த வாரம் "ஊருக்குப் போறேன்", அதற்கடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி மட்டும். தாராவியில் வார இறுதித் தமிழ் வகுப்போ கணக்கு டியூஷனோ நடத்துகிறவர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் விலகும்போது ஒரு கடிதமாவது கொடுப்பார். தன்னார்வலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காரணத்தை நாம்தான் போய்க் கேட்க வேண்டும், அதுவும் அவர் மனத்துக்குள் விலகுவதற்கு முன்னால்.

முதல் கருவி வருகைப் பதிவேடு, கேள்வித்தாள் அதற்குப் பிறகுதான். பல இடங்களில் அதில் குழந்தைகளின் வருகை மட்டுமே இருக்கும். தன்னார்வலருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயருக்கு எதிரே சேர்ந்த தேதியையும் இறங்கும் ஸ்டேஷனையும் எழுதிவைக்க வேண்டும். ஸ்டேஷன் எதற்கு என்றால், மும்பையில் ஞாயிறு என்றாலே மெகா பிளாக், அதாவது தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவதும் திருப்பிவிடுவதும். முலுண்ட், டோம்பிவிலியிலிருந்து தாராவியை ஒட்டிய சயான் ஸ்டேஷனுக்கு வருபவருக்கு வண்டி தாமதம். செம்பூரிலிருந்து ஹார்பர் வழியில் ஜி.டி.பி. நகருக்கு வருபவருக்குச் சில ஞாயிறுகளில் நடுப்பகல் முழுக்க வண்டியே இருக்காது. சயான் மேம்பாலத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று இடித்துக் கட்டுவதற்காக மூடிய பிறகு, கிழக்குப் பக்கத்திலிருந்து ஆட்டோவிலோ பைக்கிலோ வந்தவர்களுக்கும் சுற்று வழி ஆனது. ஒரே பாதையில் வரும் நான்கு பேர் ஒரே நாளில் வரவில்லை என்றால் அது ரயில்வேயின் காரணம். அந்த நாள்களைக் கழித்த பிறகும் ஒருவர் மூன்று முறை தொடர்ந்து வரவில்லை என்றால், அந்த வாரமே பேச வேண்டும்.

மொத்த எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவது பெரிய ஏமாற்றம். ஜூனில் 20 பேர் சேர்ந்தார்கள், நவம்பரிலும் 20 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜூன் ஆட்கள் 7 பேர்தான் என்றால், 13 பேர் போய்ப் புதியவர்கள் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். குழந்தை பார்வையில் 13 அக்கா, அண்ணன்கள் சொல்லாமல் காணாமல் போயிருக்கிறார்கள். ஆகவே எந்த மாதம் சேர்ந்தவரோ அந்த மாதத்துக் கூட்டமாகவே எண்ண வேண்டும்: ஒரு மாதம் கழித்து எத்தனை பேர், மூன்று மாதம் கழித்து எத்தனை, ஆறு மாதம் கழித்து எத்தனை. முதல் மாதத்திலேயே சரிந்தால் வரவேற்பிலும் பயிற்சியிலும் கோளாறு. ஆறாம் மாதத்தில் சரிந்தால் அலுப்போ, தன் உழைப்பால் பயன் உண்டா என்ற சந்தேகமோ.

எப்போது கேட்பது? முதல் நாள் வகுப்பு முடிந்த இரவோ மறுநாளோ இரண்டே கேள்வி: "எந்த நேரம் என்ன செய்றதுன்னு தெரியாம நின்னீங்க?", "அடுத்த வாரம் வர்றதுக்குள்ள உங்களுக்கு என்ன தெரிஞ்சாகணும்?" நான்காவது வகுப்பு முடிந்ததும் எட்டு, பத்து நிமிட போன் பேச்சு. பிறகு தீபாவளி விடுமுறைக்கு முன் ஐந்து கேள்விகள் கொண்ட படிவம், மூன்று நிமிடத்தில் முடிகிற மாதிரி. கணபதி விழா பத்து நாளிலும், பிப்ரவரி, மார்ச் தேர்வு நேரத்திலும் எதுவும் கேட்க வேண்டாம். அப்போது வரும் பதில் களைப்பின் பதில்.

கேள்வியின் சொற்களில்தான் பாதி வேலை இருக்கிறது. "எங்கள் வகுப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்றால் நம் ஆட்கள் மரியாதைக்கு "சூப்பர்" என்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் நான்கு போட்டுவிட்டுப் போவார்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் வகுத்த அளவுகோலின் வழிவந்தது இந்த ஐந்து படி. நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்கும்போது அது உதவும். இருபது பேரிடம் சராசரி எடுப்பது வீண்: எல்லோரும் நான்கு போட்டாலும் சராசரி நான்கு, பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் மூன்றும் போட்டாலும் நான்கு. இருபது பதிலையும் உட்கார்ந்து படித்துவிடலாம். கேட்க வேண்டியது நடந்ததைப் பற்றி: "போன தடவை வந்தப்போ எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீங்க?" அல்லது வரப்போவதைப் பற்றி: "அடுத்த மாசம் வர முடியாமப் போனா, எது காரணமா இருக்கும்?" இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள்தான் பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் அதில் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

மும்பைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. படித்தது ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோ. தமிழில் படிவம் அனுப்பினால் கூச்சத்தில் திறக்கவே மாட்டார்கள், ஆங்கிலத்தில் அனுப்பினால் இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வாய்ஸ் நோட்தான் வழி. கேள்வியையும் குரலில் அனுப்பி, பதிலையும் குரலில் வாங்கி, கேட்பவர் எழுதிக்கொள்ள வேண்டும். மாட்டுங்காவிலிருந்து பல ஆண்டுகளாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் படிவமே பேசாதீர்கள். "மாமி, அஞ்சு நிமிஷம் பேசலாமா, நீங்க சொல்றத எழுதிக்கட்டுமா?" என்று கேட்டால் வகுப்பின் முழு வரலாறும் கிடைக்கும். வயதில் மூத்தவரிடம் குறையைக் கேட்பவர் இளையவராக இருப்பது நல்லது. இளையவரிடம் கேட்பவர் மட்டும் அவருடைய ஒருங்கிணைப்பாளராக இருக்கக் கூடாது. எதிரே நிற்பவரின் ஏற்பாட்டைக் குறை சொல்ல இந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து டீ கொடுத்துக் கேட்பதும் இதனாலேயே தோற்கிறது. முதலில் பேசுபவர் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்றால் மீதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

பெயர் வேண்டாம் என்று சொல்லிப் படிவம் அனுப்பினால் உண்மையிலேயே பெயர் தெரியாமல் இருக்க வேண்டும். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்திருக்கிறோமா என்று பார்க்காமல் அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில் வயது, ஆணா பெண்ணா, எந்த வகுப்பு என்று மூன்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். பதில் தாளை நிர்வாகக் குழு முழுவதற்கும் திறந்துவிடுவது இன்னொரு தவறு. இருவர் மட்டும் படித்து, சுருக்கத்தை மற்றவர்களுக்குச் சொல்வதே முறை.

இனி, அவர்கள் சொல்வது என்ன? தூரமும் நேரமும் நிச்சயம் வரும். மார்க்கர் எழுதவில்லை, சாவி வைத்திருப்பவர் வருவதற்குள் சந்தில் இருபது நிமிடம் நின்றோம், இதுவும் வரும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் தீரக்கூடியவை: இரண்டாவது சாவி, ஒரு டப்பா மார்க்கர். அடியில் இருக்கும் மனக்குறை வேறு: "நான் கூட்டல் சொல்லிக் கொடுத்தேன், அடுத்த வாரம் வந்தவரும் கூட்டல் சொல்லிக் கொடுத்தார், அதற்கடுத்த வாரம் நான் வந்தால் மறுபடி கூட்டல்." ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்தவருக்கு, தன் உழைப்பு தண்ணீரில் எழுதியதாகப் போகிறது என்று தெரிந்தால் எந்தப் பாராட்டுச் சான்றிதழும் அவரை நிறுத்தி வைக்காது.

இதற்கு மருந்து, குழுவுக்கு ஒன்றாக 100 பக்க நோட்டு. ஒவ்வொருவரும் கிளம்பும் முன் மூன்று வரி: இன்று எது நடந்தது, எந்தக் குழந்தை எங்கே தடுமாறியது, அடுத்தவர் எங்கே தொடங்க வேண்டும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஒருங்கிணைப்பாளரே நோட்டைக் கையில் கொடுக்க வேண்டும், அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். கூடவே, குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். 1995-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய பிரதம் அமைப்பு, குழந்தைகளின் கற்றலை அளக்க 2005 முதல் நடத்தும் ஏசர் (ASER) ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்ற படிகளில் வாசிப்பைச் சோதிக்கிறது. அந்தத் தாள் தமிழிலும் உண்டு, ஒரு குழந்தைக்குச் சில நிமிடம் போதும். ஜூலையில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை சோதித்து, "உங்கள் குழுவில் மூன்று பேர் சொல்லிலிருந்து பத்திக்கு வந்திருக்கிறார்கள்" என்று காட்டினால், அவருக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது. அதற்கு ஆகும் ஞாயிறு இரண்டுதான்.

கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்ல முடியாது என்றால் கேட்கவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி: நீங்கள் சொன்னவை, செய்து முடித்தவை, பணம் வேண்டும் என்பதால் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனவை, செய்ய முடியாதவை, அதற்கான காரணம். கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "காலை 9 மணிக்கு மாற்றுங்கள்" என்று நான்கு பேர் கேட்டிருக்கலாம். அது குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளைகள் குடம் தூக்கப் போய்விடுவார்கள் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அடுத்த படிவத்தை அந்த நான்கு பேரும் திறக்க மாட்டார்கள்.

நிறுவனங்களிலிருந்து ஒரே நாள் பஸ்ஸில் வந்துபோகும் குழுக்களின் கருத்தை இதில் கலக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்னும் நிறுவனச் சட்டத்தின் 135-ம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் இப்படி வருகிறவர்கள் நிறைய. அவர்கள் மகிழ்ச்சியோடு ஐந்துக்கு ஐந்து போடுவார்கள், வாராவாரம் வருபவரின் குறை அதில் மூழ்கிவிடும். அவர்களுக்குத் தனித் தாள்.

ஒன்றை மட்டும் எந்தப் படிவத்தின் தலைப்பிலும் எழுத வேண்டும்: "குழந்தையின் பாதுகாப்பு பற்றிய செய்தியை எங்களால் ரகசியமாக வைத்திருக்க முடியாது." 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ம் பிரிவின்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்படி ஒரு வரி பதிலில் இருந்தால் அது கருத்து அல்ல, புகார். அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. ஆகவே பதில்கள் மாதக் கணக்கில் படிக்கப்படாமல் கிடக்கவும் கூடாது.

போய்விட்டவரிடம் இரண்டு முறை பேச வேண்டும். போன பதினைந்து நாளுக்குள் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. முதல் பேச்சில் "வேலை ஜாஸ்தி" என்றவர், இரண்டாவதில் "அந்த அண்ணா குழந்தைங்க முன்னாடி என்னைத் திருத்தினது பிடிக்கல" என்பார். திரும்ப வரச் சொல்லி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் கூடாது, வற்புறுத்தலாகப் பட்டால் அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார். அவர் சொன்னதைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே, சேர்ந்த தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைத்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது புதியவர்களுக்கான முதல் நாள் பயிற்சியைத் திட்டமிடுபவர் கையில் அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும்.