பக்கத்துக் கல்லூரியில் எவ்வளவு?

"பக்கத்துக் கல்லூரிகளில் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரித்துத்தான் உங்களுக்கும் போட்டிருக்கிறோம், மேடம்."

சம்பளம் பற்றிக் கேட்கப் போன எனக்கு இன்று மதியம் அலுவலகத்தில் கிடைத்த பதில்.

மேசையில் ஒரு தாள். நுங்கம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை எட்டுக் கல்லூரிகளின் பெயர், எதிரே பேனாவால் எழுதிய மாதச் சம்பளம். எதுவும் 25,000-ஐத் தாண்டவில்லை. ஆறாவது கல்லூரியில் என் பழைய மாணவி பாடம் எடுக்கிறாள். பதினோரு வருடம் பாடம் நடத்திய எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம்.

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தே சம்பளம் போட்டால் அது எப்படி ஏறும்?

நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. அந்தத் தாளில் இந்த இரண்டு எண்களும் இல்லை.

சரி, தொழிலாளர் சட்டத்திடம் போகலாம் என்றால், 2025 வரை இருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கற்பிப்பது உன்னதமான பணியாம். வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகப் பணம் தரச் சொன்ன பழைய பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்தில்கூட 2009 திருத்தத்துக்குப் பிறகுதான் எங்களைச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்திலும் ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும் என்றிருந்தது. எனக்கோ ஒவ்வொரு மே மாதமும் வேலை முடிந்து, ஜூனில் புது ஆணை வரும்.

கிளம்பும்போதுதான் தோன்றியது. ஆறாவது கல்லூரியிலும் இப்படி ஒரு தாள் இருக்கும். அதில் என் சம்பளத்தைக் காட்டித்தான் அவளை உட்கார வைத்திருப்பார்கள்.